முந்திரிகைப் பந்தர்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியன் ஒருவனிடமிருந்து அவர்கள் எதிர்பார்த்தது இலக்கணத்தையோ இலக்கியத்தையோ பற்றிய ஓர் ஆராய்ச்சியாகவே இருந்திருக்கும். அத்தகைய கட்டுரைகள் நம் கல்லூரி மலர்களிற் குறைவின்றி வந்துள்ளன. எழுதியோரும் என்னினும் வல்லுநர். யானோ பள்ளி நேரம் போக எஞ்சிய பொழுதிற் பெரும்பங்கை அச்சுவேலியிலே நான்கு பரப்புக் காணியிற் கழிப்பவன். அக்காணியில் எம் குடும்பத்தார் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக முந்திரிகை வளர்த்து வருகின்றனர். இனியும் வளர்ப்பரோ என்பது இவ்வாண்டு எம் வீட்டிலே தீராத வினாவாகி நிற்கின்றது. மனம் எங்கே நிற்கின்றதோ அங்கேயே பேனாவும் நிற்குமாதலின், அதனையே எழுதத் துணிந்தேன்.

முதலிற் சொல்லைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகின்றேன், தொழிற்பழக்கம் விடாது. யாழ்ப்பாணத்தார் முந்திரிகை என்பது கொடியிற் குலைகுலையாய்த் தொங்கும் பழத்தையே. தமிழ்நாட்டார் அதனைத் திராட்சை என்பர்; அவர்க்கு முந்திரி என்பது பருப்புத் தரும் மரம். அம்மரம் போர்த்துக்கேயரோடு பிரேசிலிலிருந்து வந்தது. நாம் அதனை மரமுந்திரிகை என்று அடைகொடுத்து வேறுபடுத்திப் பழைய சொல்லைப் பழைய பொருளுக்கே வைத்துக்கொண்டோம். மதுரையிலிருந்து வந்த தமிழறிஞர் ஒருவரை முந்திரிகைத் தோட்டம் பார்க்கலாம் வாருங்கள் என்று அழைத்துச் சென்றேன். பந்தரின் கீழ் நின்றபடியே அவர், “அது சரி, முந்திரி மரம் எங்கே?” என்று கேட்டார். இதனை வகுப்பிற் சொன்னால் மாணவர் சிரிப்பர். முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கைக் குறிக்கும் கீழ்வாய் எண்ணின் பெயருமாம் என்று தொடர்ந்தாற் சிரிப்பு நின்றுவிடும்.

இக்கொடி இந்நாட்டுக்கு உரியதன்று. குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி, வேனில் தொடங்கத் துளிர்ப்பது அதன் இயல்பு. யாழ்ப்பாணத்திலே குளிர்காலம் ஏது? ஆண்டு முழுதும் பச்சையாய்ப் படர்ந்து, உறக்கமின்றிக் களைத்துக் காய்க்காது போகும். இவ்விடுக்கணைத் தீர்க்க முயன்றோருள் ஒருவர், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நெடுங்காலம் யாழ்ப்பாணத்து அரசாங்க அதிபராயிருந்த டைக் துரை. அவர் கொடியின் வேரைச் சுற்றி மண்ணை அகழ்ந்து, வேரை வெயிலிற் காயவிட்டு, அதற்கு ஒரு பொய்ப் பனிக்காலத்தை உண்டாக்கினார் என்னும் செய்தியை, எமேர்சன் தெனன்ற் என்பார் இலங்கையைப் பற்றி 1859-இல் வெளியிட்ட நூலிற் காணலாம். பனிக்கு மாற்றாக வெயில்! துரை நல்ல சூழ்ச்சிக்காரர்தாம்.

எம் தந்தையார் டைக் துரையின் பெயரைக் கேட்டவரல்லர். 1970-களின் தொடக்கத்திலே வெளிநாட்டுப் பண்டங்களின் இறக்குமதியை அரசு இறுகக் கட்டுப்படுத்தியபோது, வெங்காயமும் மிளகாயும் நட்ட யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கையிற் காசு புரண்டது. அக்காலத்திற்றான் தந்தையாரும் முந்திரிகைத் தடிகளை வாங்கிவந்து ஊன்றினார். அயலார் நகைத்தனராம். வெங்காயம் மூன்று திங்களிற் காசாகும். கொடியோ ஓர் ஆண்டுக்கு மேல் உண்டு கிடந்துவிட்டுத்தான் முதற்குலையைக் காட்டும். அவர் பூவரசங் கதியால்களை நட்டுக் கம்பி இழுத்துப் பந்தரிட்டார். இன்று நிற்பவை சீமெந்துத் தூண்கள்.

உறக்கமில்லாக் கொடிக்கு உறக்கத்தை உண்டாக்குவதே எம் தொழிலின் உயிர்நிலை. அதற்கு நாம் வேரை அகழ்வதில்லை. நீரை நிறுத்தி, இலையை உருவி, கவ்வாத்துப் பண்ணுகின்றோம். முதிர்ந்த கிளை ஒவ்வொன்றையும் சில கணுக்கள் மட்டும் நிற்க வெட்டிவிட வேண்டும். இங்கேதான் கைத்திறம் வேண்டும். பழக்குலை பழைய தண்டிலே தோன்றாது. சென்ற பருவத்தில் முதிர்ந்த கிளையின் கணுவிலிருந்து புதிதாய்ப் புறப்படும் தளிரிலேயே தோன்றும். கணுவை மிகுதியாய் விட்டால் இலைக்காடு. மிகக் குறைத்தாற் குலையே இல்லை. தந்தையார் ஒவ்வொரு கிளையையும் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் உருட்டிப் பார்த்தே கத்தரிக்கோலை வைப்பார். கிளையின் தடிப்பையும் நிறத்தையும் விரல் அறிய வேண்டும் என்பது அவர் கருத்து. “கண்ணை நம்பாதை தம்பி, கண் எல்லாத்தையும் வேணுமெண்டும்” என்பார். வெட்டி முடிந்த அன்று பந்தரைப் பார்த்தால் எவருக்கும் நெஞ்சு துணுக்குறும். கம்பியும் கட்டையுமே நிற்கும். அதன்பின் எருவும் குழையும் தாழ்த்து நீர் பாய்ச்சினால், இரு கிழமைக்குள் கணுத்தோறும் செம்பசுந் தளிர் வெடிக்கும். வெட்டிய நாளிலிருந்து ஏறத்தாழ 110 முதல் 120 நாள்களிற் பழம் கொய்யலாம். தை மாதக் கடைசியில் வெட்டினால் வைகாசி முடிவிலும், ஆனியில் வெட்டினால் ஐப்பசி மழைக்கு முன்னும் பழம் வரும். வடகீழ்ப் பருவமழை பழத்தின்மேல் விழுந்தாற் பழம் வெடித்து அழுகும். ஆதலால் வெட்டும் நாளைக் குறிப்பதற்கு முன் தந்தையார் பஞ்சாங்கத்தைப் பார்ப்பார், வானத்தையும் பார்ப்பார், இரண்டும் முரண்பட்டால் வானத்தின் சொல்லையே கேட்பார்.

நீரைப் பற்றிச் சொல்லாது யாழ்ப்பாணத் தோட்டம் எதனையும் சொல்லல் இயலாது. நமக்கு ஆறில்லை, மலையில்லை. செம்மண்ணின் கீழே சுண்ணாம்புக் கற்பாறை; அதன் துளைகளிலும் பிளவுகளிலும் மழைநீர் தேங்கி நிற்கின்றது. கடலிலிருந்து ஊடுருவி வந்த உப்புநீரின்மேல் அந்நன்னீர் கண்ணாடி வில்லைபோல மிதக்கின்றது என்பர் நிலவியலார். எம்மூருக்கு அணித்தாயுள்ள நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருத்தலைக் கேட்டறியாத யாழ்ப்பாணத்தவர் இலர். கடன்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நிற்குமாயின், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. மறுதலையாக, மேலே ஓரடியை இறைத்து வற்றச் செய்தால் உப்புநீர் கீழிருந்து 40 அடி ஏறிவரும். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. எண்ணெய் இயந்திரத்துக்குக் களைப்பில்லை. அதனோடு உரத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் இறங்கும் நைத்திரேற்று நம் கிணறுகள் பலவற்றைக் கெடுத்துள்ளது என ஆய்வுகள் காட்டுகின்றன. இவ்வுண்மையை மாணவர் விஞ்ஞானப் பாடத்திலே மட்டும் படித்து விட்டுவிடலாகாது என்பது என் எண்ணம்.

தோட்டத்தின் மற்றொரு பகை பூஞ்சணம். இலையின் கீழே வெண்மாப் பூத்தாற்போலத் தோன்றி மூன்று நாளிற் பந்தரையே கருக்கிவிடும். இதற்கு மருந்து பிரான்சு தேசத்திலே ஒரு வேடிக்கையாற் கிடைத்தது. போர்டோப் பகுதியிலே தெருவோரக் கொடிகளின் பழத்தை வழிப்போக்கர் பறியாதிருக்கும்படி, துரிசையும் சுண்ணாம்பையும் கலந்து இலைமேல் தெளித்து நஞ்சுபோலத் தோன்றச் செய்திருந்தனர். அவ்வாறு தெளித்த கொடிகளுக்கு மட்டும் நோயில்லாமையை மியார்டே என்னும் பேராசிரியர் கண்டு, 1885-இல் அக்கலவையை உலகுக்கு அறிவித்தார். நூறு லீற்றர் நீருக்குத் துரிசு 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ. தந்தையார் அதனை மண்பானையிற் கலந்து, மினுக்கிய இருப்புக் கத்தியை அதனுள் வைத்தெடுத்துப் பார்ப்பார். கத்தியிற் செம்புநிறம் படிந்தால் சுண்ணாம்பு போதாதென்று பொருள். பள்ளியில் இரசாயனம் கற்பித்த என் ஆசிரியர் இதே பரிசோதனையை ஓர் ஆண்டு கழித்து எமக்குச் செய்துகாட்டியபோது, பின்வாங்கிலிருந்த யான் வியப்பின்றியிருந்ததைக் கண்டு அவர் வியந்தார்.

1990-களின் முற்பகுதி எம் தோட்டத்துக்குப் பொல்லாத காலம். பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் உரமும் அரிதாயின. தந்தையார் இயந்திரத்தைச் சாக்காற் போர்த்துவைத்துவிட்டு, பழைய துலாவை மீண்டும் ஏற்றினார். பழத்தைக் கொழும்புக்கு அனுப்ப வழியில்லை. ஊரிலோ பழம் வாங்க எவர் கையிலும் காசில்லை. அம்மா பழத்தைப் பிழிந்து, சீனி கிடையாமையாற் பனங்கட்டி சேர்த்துக் காய்ச்சிப் போத்தல்களில் அடைத்துவைத்தார். காய்ச்சாது விட்ட இரண்டு போத்தல்கள் சில நாளில் நள்ளிரவிலே படீரென மூடி கழன்று வெடித்தன. வெடிச்சத்தத்துக்குப் பழகிய நாம் அனைவரும் பதுங்குகுழிக்குள் இறங்கிவிட்டோம்! பழத்தோலிற் படிந்திருக்கும் மதுவம் வெல்லத்தை நொதிக்கச் செய்து மதுவும் வாயுவும் ஆக்கும் என்பதைப் பாஸ்தியர் 1850-களின் இறுதியில் விளக்கினார். எம் வீட்டில் அன்றுதான் விளங்கிற்று. எஞ்சியதைத் தந்தையார் கொடியின் வேரிலேயே ஊற்றிவித்தார். ஊற்றுமுன் சின்னையா ஒருவர் அதன் குணத்தைச் சோதித்தறிந்தார் என்பதும் குடும்ப வரலாற்றில் உண்டு.

1995 ஒக்டோபரில் வலிகாமத்தார் அனைவரோடும் நாமும் இடம்பெயர்ந்தோம். அப்போது எனக்கு வயது பதினைந்து, தம்பிக்குப் பதினொன்று. தந்தையார் வீட்டைப் பூட்டவில்லை; பூட்டினால் உடைப்பார்களென்றார். தென்மராட்சியிலே ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஆறு திங்கள் இருந்தோம். அங்கும் அவர் பேச்செல்லாம் வெட்டாது விட்ட பந்தரைப் பற்றியே. 1996 சித்திரைக்குப் பின் திரும்பியபோது வீட்டுக்குக் கூரையில்லை. பந்தரின் கதியால்கள் பாதி விறகாய்ப் போயிருந்தன. கொடிகளோ நிலத்திற் படர்ந்து, கிணற்றுக்கட்டில் ஏறி, வேலியைத் தாண்டித் தெருவுக்கும் வந்திருந்தன. குலை ஒன்றுமில்லை. முதலில் வீட்டுக்கு ஓலை வேய்வோம் என்றார் அம்மா. தந்தையார் மறுமொழி சொல்லாது கத்தரிக்கோலைத் தேடினார். அக்கொடிகளுள் நான்கே பிழைத்தன. இப்போதுள்ளவை அடுத்த ஆண்டிலிருந்து வைத்த ‘இஸ்ரேல் புளூ’ என்னும் கருநீலப் பழ இனம்; யாழ்ப்பாணத் தோட்டங்களில் இன்று பெரும்பான்மையாய் நிற்பதும் அதுவே.

இந்துக் கல்லூரி மலரிலே மதுவைப் பற்றி எழுதலாமோ எனச் சிலர் ஐயுறக் கூடும். தந்தையார் கள்ளும் தீண்டாத சைவர். ஆயினும், சின்னப் பழமும் சிதறிய பழமும் சந்தையில் விலைபோகாதாதலின் அவற்றை இரசம் செய்வோர்க்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. அவர்கள் அதிலே பழரசம் செய்வரோ மதுச் செய்வரோ என்று அவர் சில நாள் உறங்காதிருந்தார். ஈற்றிலே, விற்பது பழம், மற்றையது வாங்குபவர் வினை என அமைதி கண்டார். அந்த அமைதி அவருக்கு முழுமையாய்ப் பொருந்திற்றென்று நான் நம்பவில்லை. எம் அயலிலே தோலகட்டியில், தோமஸ் அடிகளார் 1928-இல் நிறுவிய செபமாலைத் தாசர் ஆச்சிரமத்துத் துறவிகளின் முந்திரிகை இரசமும் நெல்லி இரசமும் யாழ்ப்பாணம் முழுதும் பேர்பெற்றவை. கத்தோலிக்கர்க்கு அக்கொடியின் மது வழிபாட்டுப் பொருள். நமக்கோ அது இலக்கியப் பொருள். யவனர் நற்கலங்களிற் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் அருந்தியமையை நக்கீரர் பாடிய புறநானூற்று 56-ஆம் பாட்டால் அறிகின்றோம். அரிக்கமேட்டை 1945-இல் அகழ்ந்தபோது அத்தகைய மதுச்சாடிகளின் உடைவுகள் கிடைத்தன. தெளிந்த மதுவுக்குத் தேறல் என்று பெயரிட்ட முன்னோர், வண்டல் அடியிற் படிய மேலே தெளியும் செயலைக் கண்டே பெயரிட்டிருத்தல் வேண்டும். இன்று மதுவரித் திணைக்களத்தின் அனுமதியின்றி வீட்டில் மதுச் செய்தல் குற்றம். ஆகவே எம் பழம் எம் வளவிற் பழமாகவே இருக்கின்றது.

தம்பி 2001-இல் சுவிற்சர்லாந்துக்குப் போனான். லொசான் நகரிலே உணவகமொன்றிற் சமையற்காரன். பத்து ஆண்டுக் காலம் முந்திரிகை என்ற சொல்லையே அவன் எடுத்ததில்லை. துலா மிதித்த காலின் வலியை மறக்க விரும்பினான் போலும். பின்னர் ஓர் இலையுதிர்காலத்தில், பழக்கொய்வுக்கு ஆள் வேண்டுமென்று யாரோ சொல்ல, விடுமுறை நாளிற் போயிருக்கின்றான். அன்றிரவு தொலைபேசியில் ஒரு மணிநேரம் பேசினான். “அண்ணை, மலைச்சரிவிலை படிப்படியாக் கல்லுக்கட்டு. கீழை பாத்தா ஏரி. கால் தவறினா நேரை தண்ணிக்குள்ளைதான்” என்றான்.

அவன் சொன்ன இடம் லாவோ. லெமான் ஏரியின் வடகரையிலே, லொசானின் கீழ்ப்புறத்திலிருந்து சியோன் கோட்டை வரை ஏறத்தாழ 30 கிலோமீற்றருக்கு நீளும் படிக்கட்டுத் தோட்டங்கள். பதினோராம் நூற்றாண்டு முதலாகத் துறவியர் மடங்கள் அச்சரிவைத் திருத்தத் தொடங்கின. இன்று 400 கிலோமீற்றருக்கு மேற்பட்ட கற்சுவர்கள் அம்மண்ணைத் தாங்குகின்றன. பெரும்பாலும் சாஸ்லா என்னும் வெள்ளைப்பழ இனம். அவ்வூரார் தம் கொடிக்கு மூன்று ஞாயிறு என்பராம்: வானத்து ஞாயிறு ஒன்று, ஏரியிற் பட்டுத் திரும்புவது ஒன்று, பகலெல்லாம் வெம்மையை உண்டு இரவில் உமிழும் சுவர் ஒன்று. தம்பி சென்றது ஒரு குடும்பத்தாரின் சிறு தோட்டம். தகப்பனும் மகளும் கொடியை வளர்த்து, வீட்டின் கீழுள்ள அறையிலே தாமே மதுவாக்கிப் போத்தலில் அடைக்கின்றனர். பழத்தை முதுகுக் கூடையிற் சுமக்கின்றனர். மிகச் செங்குத்தான இடங்களில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஏறும் சிறு பொறியொன்று சுமக்கின்றது. அந்நாட்டு மதுவில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே வெளிநாடு செல்கின்றது. எஞ்சியதை அவர்களே அருந்திவிடுகின்றனர்.

ஏரியோரத்து நிலம் மாளிகை கட்டுவோர் கண்ணிற் படாதிருக்குமோ? ஒரு காலத்தில் லாவோவும் துண்டுதுண்டாய் விலைபோகத் தொடங்கிற்று. பிரான்ஸ் வேபர் என்பவர் மக்களைத் திரட்டினார். 1977-இல் வோ மாநிலத்தார் வாக்களித்து அந்நிலத்துக்குச் சட்டக் காவல் இட்டனர். 2007-இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமை ஆக்கியது. தம்பி அனுப்பிய படங்களை அம்மாவுக்குக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “இவ்வளவு சரிவிலை தண்ணி எப்பிடித் தம்பி நிக்கும்?” என்றார். மழையே அவர்களுக்குப் போதும் என்றேன். அம்மா நம்பவில்லை. அவருக்குத் தெரிந்த நிலம் சரிவே இல்லாதது. வாய்க்காலிலே நீர் ஓடுவதற்கு வேண்டிய விரலளவு சரிவையும் மண்வெட்டியால் நாமே உண்டாக்க வேண்டும். அவர்களுக்கு ஏரி கண்முன்னே கிடக்கின்றது, இறைப்பதில்லை. எமக்கு அது காலின் கீழே மறைந்து கிடக்கின்றது, நாள்தோறும் இறைக்கின்றோம்.

இனி, வீட்டிலுள்ள வினாவுக்கு வருகின்றேன். தந்தையார் காலமாகி நான்கு ஆண்டாகின்றது. காணி முதுசம், எனக்கும் தம்பிக்கும் சரிபாதி. தெருவோரக் காணியாதலின், திருமண மண்டபம் கட்ட எண்ணிய ஒருவர் நல்ல விலை சொல்லி வந்தார். “மாஸ்டர், இந்தக் காலத்திலை பந்தலுக்கை நிண்டு என்ன காணப் போறியள்?” என்று கேட்டார். அவர் சொன்ன தொகை என் முப்பது ஆண்டுச் சம்பளத்தினும் பெரிது. ஒல்லாந்தர் 1707-இல் தொகுப்பித்த தேசவழமையும், அதன்வழி 1947-இல் வந்த முற்கொள்வனவுச் சட்டமும் இணைச்சொந்தக்காரனுக்கு முதலுரிமை தருகின்றன. தம்பி தன் பங்கை விற்பதாயின் முதலில் என்னிடமே கேட்க வேண்டும். கேட்டால் வாங்க என்னிடம் பணமில்லை. சட்டம் உரிமையைத் தந்தது; பணத்தைத் தரவில்லை.

தம்பி விற்க விரும்புவதில் நியாயமில்லையென்று சொல்லமாட்டேன். அவன் பிள்ளைகள் இருவரும் பிரெஞ்சு பேசி வளர்கின்றனர். வீட்டுக்கடன் கழுத்தளவு இருக்கின்றது. என் மகளோ மருத்துவம் படிக்கின்றாள், கவ்வாத்துக்கு வரமாட்டாள். கூலியாள் கிடைப்பதும் அரிது. கணக்குப் பார்த்தால் விற்பதே அறிவு. ஆயினும் எண்பது வயதைக் கடந்த அம்மா, நாள்தோறும் விடியலிற் பந்தரின் கீழ் நடந்து அணில் கொறித்த பழத்தைப் பொறுக்கி வருகின்றார். மண்டபத்துக்கு மண் நிரப்பினால் முதலில் மூடுவது கிணற்றையே என்று வந்தவர் வெளிப்படையாய்ச் சொல்லிவிட்டார். அக்கிணற்றிலே அயல்வீடுகள் ஐந்துக்குக் குடிநீர். இவற்றை எந்தப் பத்தியில் எழுதிக் கூட்டுவது?

இதனையெல்லாம் தம்பிக்கு மின்னஞ்சலில் எழுதினேன். ஒரு திங்கள் மறுமொழியில்லை. பின்னர் வந்த மறுமொழி நான்கே வரி. இவ்வாண்டு விலை பேச வேண்டாம். தை மாதத்தில் மூன்று கிழமை விடுமுறை எடுத்து வருகின்றான். கவ்வாத்தைத் தானும் செய்து பார்த்தபின் பேசுவோம். கத்தரிக்கோல் அங்கிருந்து நல்லதாக ஒன்று கொண்டுவருகின்றான். விற்கமாட்டேன் என்று அவன் எழுதவில்லை. யானும் கேட்கவில்லை. மண்டபக்காரருக்குச் சித்திரை வரை பொறுக்கும்படி சொல்லியுள்ளேன். அவர் மனமின்றி இசைந்துள்ளார்.

மாரி இவ்வாண்டு நன்றாகப் பெய்திருக்கின்றது. கிணற்றிலே நீர் மூன்றாம் படிக்கு ஏறிவிட்டது. தென்மூலையிற் சாய்ந்த இரண்டு தூண்களைத் தம்பி வருமுன் நிமிர்த்த வேண்டும். கொத்தனார் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கின்றார்.